பச்சை அட்டை

ரெனே டுவோமினனின் பெயரைச் சொன்னால் எங்கள் ஏரிக்கரை ஊரில் முதலில் ஒரு திட்டு விழும், அப்புறம்தான் பேச்சே வரும். உணவகங்களைச் சோதிக்கிற மாவட்டச் சுகாதார அதிகாரி அவள். கையில் ஒரு நோட்டு, சட்டைப் பையில் ஒரு வெப்பமானி. கண்ணெதிரே பால் பொங்கி வழிந்தாலும் சொல்ல மாட்டாள், பொங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வாள். சோதிக்க வந்தவள் எதிலும் கை வைக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது என்பது அவள் பிடிவாதம். சர்ச் விருந்துக்கு என் தங்கை செய்து கொண்டுவந்த ஆறு தட்டு கோழிச் சோற்றையும், சூடு நாலு டிகிரி குறைவு என்று குப்பையில் கொட்ட வைத்தாள். அத்தனை பேர் முன்னால் தங்கை அழுதாள். நான் அதை மறக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

என் பெயர் மார்லிஸ். பழைய மரச்சாமான் கடைக் கட்டடத்தில் நடக்கும் எங்கள் மாண்டிசோரி பள்ளிக்கு அலுவலகம் என்றால் நான் ஒருத்திதான். மொத்தம் அறுபத்தெட்டு பிள்ளைகள். அரசுப் பணத்தில் நடக்கிற சார்ட்டர் பள்ளி, கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, இருக்கிற இடத்தைவிட அதிகம் பேர் கேட்டால் சீட்டுக் குலுக்கல். சட்டமே அப்படித்தான். ஆனால் வருகிற பெற்றோர் ஒருவராவது இதை நம்பவேண்டுமே! எங்களை எடைபோட வருகிறவர்கள், வாசலில் பனிக்காலணியைக் கழற்றும்போதே தங்களை யாரோ எடைபோடுவதாக நினைத்து முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் டிவியே இல்லை என்று கேட்காமலே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

ரெனே அப்படி வரவில்லை. முதல் முறை வந்தபோது கைகழுவும் தொட்டிகளை எண்ணினாள். இரண்டாம் முறை, இரண்டு வருஷத்தில் எத்தனை ஆசிரியைகள் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேட்டாள். நாலு பேர் என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், அடங்காத பிள்ளையை என்ன செய்வீர்கள், புகார்க் கோப்பு எங்கே, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். "இவ நம்ம பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிட்டுத்தான் மறுவேலை பாப்பா" என்றாள் சின்னப் பிள்ளைகளின் ஆசிரியை ஜோலின்.

மூன்றாம் முறை வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் மகள் ஐலாவுக்கு ஐந்து வயது. அம்மாவைத் தவிர உலகத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அப்பா இரும்புத்தாதுக் கப்பலில் வேலை பார்க்கிறவர், அவர் போனில் கூப்பிட்டால்கூட மூச்சுச் சத்தம்தான் கேட்கும். ஊரின் பெரிய பள்ளியில், வருகைப் பதிவின்போது பதில் சொல்கிறவரை நில் என்று எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்தார்களாம். குழந்தை மதியம் வரை நின்றிருக்கிறாள். ஆனால் காரில் அம்மாவோடு தனியாக இருந்தால் வாய் ஓயாதாம். ரெனே நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினாள். தொட்டியும் மதிப்பெண்ணும் எல்லாம் பின்னால்தான் இருந்தன. முதல் வரி இது: "ஐலா இங்கே பேசுவாளா?" பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு காலிக் கட்டங்கள்.

பிப்ரவரியில், விண்ணப்பித்த பிள்ளைகள் ஒரு காலைப்பொழுது வகுப்பில் வந்து இருந்து பார்க்கும் நாள். கூட வருகிறவர்களுக்குக் கொடுக்க என்னிடம் இரண்டு வகை அட்டை உண்டு. பச்சை, வேடிக்கை பார்க்க வரும் வெளியாட்களுக்கு: நாற்காலியை விட்டு எழ வேண்டாம், பிள்ளைகளிடம் பேச வேண்டாம், யாராவது வந்து கேட்டால் 'நீங்கள் வேலை செய்வதைப் பார்க்கிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் எதைச் செய்தாலும் அதற்கு வேலை என்றுதான் பெயர். வெள்ளை, தன் பிள்ளையோடு வரும் பெற்றோருக்கு: பிள்ளை உங்களிடம் வந்தால் எப்போதும்போல் இருங்கள். அன்று கைப்பழக்கத்தில் ரெனேவுக்குப் பச்சையைக் கொடுத்துவிட்டேன்.

பத்து நிமிஷம் கழித்து இழுப்பறையைத் திறந்தால் வெள்ளை அட்டைகள் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. என் மேசையிலிருந்து வகுப்புக்குப் பன்னிரண்டு அடி. எழுந்து போய் மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஆறு தட்டு சோறு ஞாபகம் வந்தது. உட்காரட்டும் மகராசி, விதி என்றால் உயிராச்சே என்று இழுப்பறையை மூடினேன்.

கண்ணாடிச் சுவர் வழியாக எல்லாம் தெரிந்தது. ஐலா அலமாரி ஓரத்தில் அரைமணி நேரம் நின்றாள். அப்புறம் முழங்கால்களைச் சேர்த்து இறுக்கினாள். நேரே அம்மாவின் நாற்காலிக்கு நடந்தாள். என்ன பேசினார்கள் என்பதைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஜோலின்தான் பிறகு சொன்னாள்.

"அம்மா, ஒண்ணுக்கு வருது."

ரெனே அட்டையைப் பார்த்தாள். "நீங்க வேலை செய்யுறதைப் பாக்குறேன்" என்றாள்.

குழந்தை ஏதோ விளையாட்டு என்று நினைத்து லேசாகச் சிரித்திருக்கிறாள். அம்மாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அவசரம்மா" என்றாள். ரெனே நேரே சுவரைப் பார்த்தபடி அதே வாக்கியத்தை இன்னொரு தரம் சொன்னாள். பெற்ற மகளை 'நீங்க' என்று கூப்பிட்டு.

அம்மா கூட்டிப்போவாள் என்று ஜோலின் சும்மா இருந்துவிட்டாள். அவள் எழுவதற்குள் தரை நனைந்துவிட்டது. ஐலா அழவில்லை. கீழே எதைக் கொட்டினாலும் கொட்டியவரே துடைப்பது எங்கள் வழக்கம் என்பதால், ஒரு சிறுமி வாளியையும் துடைக்கும் துணியையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். ஐலா மண்டிபோட்டு, அம்மாவின் காலடியிலிருந்து தொடங்கித் துடைத்தாள். ரெனே கால்களை மட்டும் தூக்கிக்கொண்டாள்.

போகும்போது அட்டையை என் மேசையில் வைத்தாள். "நான் சரியா நடந்துக்கிட்டேனா, மார்லிஸ்?"

சொல்லியிருக்கலாம். தப்பு என்மேல், அது வேறு அட்டை, ஓடிப்போய் குழந்தையைத் தூக்குங்கள் என்று. அப்படிச் சொன்னால் என் தப்பு வெளியே வருமே. "ரொம்பச் சரியா நடந்துக்கிட்டீங்க" என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

மார்ச்சில் குலுக்கல் நடந்தது. பதினோரு இடத்துக்கு இருபத்தொன்பது பெயர். காப்பி டப்பாவிலிருந்து நாலாவதாக ஐலாவின் பெயர் வந்தது. ரெனே அலுவலகத்துக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வகுப்புக்கு வந்துபோன அன்றிலிருந்து காரில்கூட ஐலா தன்னிடம் பேசுவதில்லை என்றாள். கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறாளாம்.

"பரவால்ல. அன்னைக்கு நான் அசையாம உக்காந்ததுக்குப் பலன் கிடைச்சிருச்சு" என்றாள்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வெறும் சீட்டுதாங்க ரெனே. அன்னைக்கு நீங்க மேசைமேல ஏறி ஆடியிருந்தாலும் இதே பேர்தான் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவள் கைகளை எடுத்துக்கொண்டாள். காப்பி டப்பாவைப் பார்த்தாள்.

செப்டம்பரில் ஐலா சேர்ந்தாள். மூன்றாம் வாரத்தில் வாளி கொண்டுவந்த அந்தச் சிறுமியிடம், டெஸ்ஸி என்று பெயர், முதல் வார்த்தை பேசினாள். அப்புறம் ஜோலினிடம், அப்புறம் என்னிடம்கூட. மதியம் ஆப்பிள் நறுக்கிக்கொண்டே இல்லாத பூனையைப் பற்றிக் கதை கதையாக அளப்பாள். வீட்டில் மட்டும் வாய் திறப்பதில்லை.

அக்டோபரில் ரெனே வகுப்பைப் பார்க்க வந்தாள். இந்த முறை வெள்ளை அட்டையைக் கொடுத்து, தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள். போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றேன்.

ஐலா மணிச் சரங்களை விரித்து எண்ணிக்கொண்டிருந்தாள். ரெனே குனிந்து, மெதுவாக, "ஐலா, கண்ணு, அம்மா வந்திருக்கேன்" என்றாள். ஐலா நிமிரவில்லை. டெஸ்ஸிதான் திரும்பிப் பார்த்து, "அவங்க உங்கம்மாவா?" என்று கேட்டாள்.

"இல்ல, பாக்க வந்தவங்க" என்றாள் ஐலா, தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி. "அவங்ககிட்ட பேசக்கூடாது. பேசினாலும் பதில் சொல்ல மாட்டாங்க."

ரெனே எழவில்லை. குறித்த நாற்பது நிமிஷமும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். வெளியேறும் நேரம் எழுதும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்காகத் தன் நோட்டை என் மேசையில் வைத்தாள். முதல் பக்கம் திறந்திருந்தது. முதல் வரிக்குப் பக்கத்தில், ஆம் என்ற கட்டத்தில், டிக் போட்டிருந்தாள்.