மாமனாரின் நாக்குக்கு வைத்த பந்தயம்

எழுபத்தாறாம் வருடம் என்று நினைவு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்கு நான் வாழ வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவர் கடலுக்குப் போவார். மாமனார் கருவாட்டு வியாபாரி. மாமியார் இல்லாத வீடு என்பதால் அடுப்படி முழுக்க என் ராஜ்ஜியம்.

அந்த வருடம் கருங்குழி சந்தையில் மாமனார் மயங்கி விழுந்துவிட்டார். செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தக் கொதிப்பு ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது, மாத்திரை மட்டும் போதாது, உப்பைக் குறைக்காவிட்டால் அடுத்த முறை கை கால் விழுந்துவிடும் என்று அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சமைக்கிறவள் நான்தானே.

நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். யாரிடமும் சொல்லாமல் குழம்பில் உப்பைப் பாதியாக்கினேன். கருவாட்டை நாக்கில் வைத்துப் பார்த்தே விலை பேசுகிற மனிதரிடம் போய் இந்த வேலை! முதல் வாயிலேயே பிடித்துவிட்டார். "இன்னாம்மா இது, ஆஸ்பத்திரி கஞ்சியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பயமுறுத்தினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் துவைக்க எடுத்த அவர் வேட்டியின் மடிப்பில் நெத்திலிக் கருவாடு இருந்தது. வீட்டில் எனக்காக இரண்டு வாய் தின்றுவிட்டு, வெளியே போய் அதை மென்றுகொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

அந்த வாரம் நெம்மேலியிலிருந்து ஒரு அம்மாள் கருவாட்டுக் கூடையோடு வந்தார். துள்ளத் துள்ள உப்பு வைத்த மீன் என்று சத்தியம் செய்தார். மாமனார் ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போக நன்றாக அலசி, அதன்பிறகே வாயில் வைத்தார். "உப்பு எல்லா மீனையும் நல்ல மீனாட்டம் காட்டிடும். அத்த எடுத்துட்டாத்தான் உள்ள இன்னா கீதுன்னு தெரியும்" என்று சொல்லிக் கூடையைத் திருப்பி அனுப்பினார். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான் சுரீர் என்று உறைத்தது.

மறுநாள் மூன்று மடவை மீன் வாங்கினேன். ஒன்று விடியற்காலையில் கடலில் போட்ட வலையில் பட்டது. ஒன்று முந்தின நாளையது. இன்னொன்று உப்பங்கழியில் பிடித்தது. மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், மாங்காய் எல்லாம் அரைத்துத் தடவி, வாழையிலையில் சுற்றிச் சட்டியில் வேகவைத்தேன். ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. வீடே மணத்தது.

"மாமா, மூணும் மடவைதான். எது எங்க பட்டது, எப்ப பட்டதுன்னு உங்களால சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். இதுவும் தவறினால் என்னிடம் வேறு வழி இல்லை.

"என்னையே சோதிக்கிறியா நீ?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக ருசி பார்த்தார். "இது கழி மீனு, சேத்து வாசம் கீது. இது நேத்து பட்டது. இதான் விடியக்காலத்து மீனு." மூன்றும் சரி. அதோடு விடாமல், விடியற்காலை மீனை முள் மட்டும் மிஞ்சும் வரை சாப்பிட்டார்.

"உப்பே போடல மாமா" என்றேன்.

விரலை ஒருமுறை சப்பிப் பார்த்தார். "போட்டிருந்தா கழி மீன கண்டுபுடிச்சிருக்க மாட்டேன்" என்றார் மெதுவாக.

அதன்பிறகு அவரே அடுப்படிக்கு வந்து, "இன்னிக்கி இன்னா பந்தயம்?" என்று கேட்பார். கீரையில் என்ன கீரை, மாங்காயில் எந்த மரத்து மாங்காய் என்று நானும் விடாமல் வைத்தேன். கருவாடு மாதம் ஒருநாள் என்றானது, அதுவும் அலசித்தான்.

சில மாதம் கழித்து, ரத்தக் கொதிப்பை அளக்கக் கையில் கட்டிய பட்டையைக் கழற்றிய டாக்டர், கொதிப்பு நன்றாக இறங்கியிருக்கிறது, இந்த மனிதரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "என் மருமவ தெனம் எனக்குப் பரிச்ச வைக்கிறா சார். இதுவரைக்கும் ஒண்ணுலகூட நான் தோக்கல."

அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் இருந்தார், கடைசி வரை அவருக்குக் கை கால் விழவே இல்லை. அழுதும் மிரட்டியும் இரண்டு வாய்க்கு மேல் தின்னவைக்க முடியாத மனிதரை, அவர் நாக்கின் பெருமையை வைத்தே தினம் இரண்டு வேளை என் முன்னால் உட்காரவைத்தேன் என்று நினைத்தால், இந்த வயதிலும் எனக்குத் தலை தானாக நிமிர்கிறது.