மீமிசல் வேனும் ஜமால் பாயும்

இன்றைக்குக் காலையில் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் பழைய பைக்கின் சாவி பாதியில் சிக்கிக்கொண்டது. பக்கத்து மெக்கானிக் வந்து பார்த்தார். "உள்ள எண்ணெ கிண்ணெ ஊத்துனீங்களா சார்? கூடாது. தூசியோட சேந்து களியாயிரும். பென்சில் தூளப் போடுங்க, போதும்" என்றார். தலையாட்டினேன். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் வெளியே சொல்லும்படி இல்லை, உங்களிடம் சொல்கிறேன்.

இருபத்தைந்து வயதில் மீமிசலில் மீன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐஸ் பெட்டி நாற்றம் சட்டையில் ஏறி, பஸ்ஸில் போனால் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். அதையும் ஒரு வசதி என்று நினைத்துக்கொண்ட ஆள் நான். வேன் ஜமால் பாயுடையது. துபாயில் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்து வாங்கிய பழைய வண்டி. உப்புக்காற்றில் இக்னிஷன் லாக் இறுகிப்போய், ஸ்டியரிங்கை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டினால்தான் சாவி திரும்பும்.

"அறந்தாங்கி போறப்ப லாக்க மாத்திருவோம் தம்பி" என்றார் பாய்.

"எதுக்கு பாய்? ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெ விட்டா சரியாயிரும்."

சரியாகத்தான் ஆனது. மூன்று வாரம் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. மற்ற டிரைவர்களுக்கெல்லாம் இந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மத்தியானம், மீன் ஏலம் முடிந்து மற்ற வண்டிகளெல்லாம் கிளம்பிவிட்ட நேரம். பாய் இறால் கூடையில் கையை ஊன்றி நின்றார். சட்டை முழுக்க வேர்வை. "நெஞ்ச அடைக்குது. வண்டிய எடு தம்பி."

ஏற்றி உட்காரவைத்தேன். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. ஸ்டியரிங்கை ஆட்டினேன், லாக்கைக் குத்தினேன், பல்லைக் கடித்துத் திருகினேன். சாவிதான் வளைந்தது. பாய் என் தோளைத் தொட்டு, "பதறாத. மெதுவா" என்றார். வலியில் இருந்த மனுஷன் எனக்குத் தைரியம் சொன்னார்.

யாரோ ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்து வருவதற்குள் அரைமணி போய்விட்டது. மணமேல்குடி நெருங்கும்போது அவர் தலை என் மடியில் சாய்ந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்ப வலி வந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

மறுநாள் லாக்கைக் கழற்றினேன். உள்ளே கருப்புக் களி. முகர்ந்து பார்த்தேன். காறிப்போன தேங்காயெண்ணெய்.

பாயை அடக்கம் செய்த மூன்றாம் நாள் பாயம்மா, பாயின் மனைவி, கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டார். "நம்ம வண்டி அங்கனதானே நின்னுச்சு, ஏன் ஆட்டோல கொண்டு போனீங்க?"

"பேட்டரி எறங்கிருச்சு பாயம்மா." வாயில் அதுதான் வந்தது.

"புது பேட்டரி வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாந்தான் பெருநாள் கழியட்டும்னு தள்ளிப் போட்டேன்" என்று அழுதார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த வாரமே ஊரையும் விட்டேன்.

போன வருஷம் எப்படியோ மனசு துணிந்து மீமிசலுக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். பாயம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்க மவுத்தாயி ரெண்டு வருஷமாச்சே. நல்ல மனுஷி. என்னாலதான் அவரு போனாருன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நீங்க யாருங்க?"

தெரிந்தவன் என்றேன்.