முனி அடித்த குடும்பம்

எங்கள் அப்பா நேபாளத்துக்காரர். அவிநாசி பக்கம் ஒரு நூல்மில்லுக்கு வாட்ச்மேனாக வந்தவர், அங்கேயே வேலை பார்த்த அம்மாவைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். எனக்கும் தம்பிக்கும் அவருடைய கண்கள். ஊரில் எங்களை ‘கூர்க்கா புள்ளைக’ என்றுதான் சொல்வார்கள். நேபாளத்தில் அவருக்கு எந்த ஊர், யார் யார் உறவு என்று நாங்கள் கேட்கிற வயதுக்கு வருமுன்பே அவர் போய்விட்டார்.

போனது ஒரு உச்சிப்பொழுதில். மில் கேட்டுக்குப் பக்கத்தில் முனியப்பன் கோயில் புளியமரம். அந்த நேரத்தில் உள்ளூர்க்காரர் யாரும் அதன் அடியில் உட்கார மாட்டார்கள். அப்பா உட்கார்ந்து சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். மூக்கில் ரத்தம், வாய் இடது பக்கம் கோணியிருந்தது. எனக்கு ஏழு வயது, பார்த்தேன். முனி அடித்துவிட்டது என்றார்கள். அசலூர்க்காரன், தெரியாமல் உட்கார்ந்துவிட்டான் என்று பாவமும் பார்த்தார்கள். சேவல் அறுத்ததோடு பேச்சு முடிந்தது.

தம்பி வளர்ந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் ஆனான். நான் அதே கம்பெனியில், தைத்து வந்த பீஸ்களில் பழுது பார்க்கிற செக்கிங். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்கிறார் என்று வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரைக் கூட்டி வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்ப்பார்கள். தம்பி எப்போதும் டிமிக்கி கொடுத்துவிடுவான். அவனுடைய முப்பத்திரண்டாவது வயதில் நானே கையைப் பிடித்து இழுத்துப்போய் வரிசையில் நிறுத்தினேன். டாக்டரம்மா அவன் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். கழற்றி மறுபடியும் கட்டிப் பார்த்தார்.

“இந்த வயசுக்கு இது ரொம்ப அதிகம். வீட்டுல யாருக்காவது பிரஷர் இருந்துச்சா?”

எங்கள் முகத்தைப் பார்த்து எந்த ஊர் என்றும் கேட்டார். அப்பா நேபாளம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“பிரஷர் பரம்பரையா வர்றதுக்கு ஒரு ஜீன் மட்டும் காரணம் இல்லம்மா, ஏகப்பட்டது சேர்ந்து வேலை செய்யுது. அதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணினது பெரும்பாலும் வெள்ளைக்காரங்க ரத்தத்துல. உங்களை மாதிரி ரெண்டு ஜனம் கலந்து பிறந்தவங்களைப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சது கம்மி. உங்க வீட்டுல நடந்ததை நீங்க சொன்னாத்தான் உண்டு. அப்பா எப்படி இறந்தார்?”

பின்னால் வரிசையில் முப்பது பேர். பன்னிரண்டாவது வரை படித்தவள், ஒரு டாக்டரிடம் போய் முனி அடித்தது என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஆக்சிடென்ட்டுங்க” என்றேன்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் வரச் சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாரோ என்னவோ. அம்மா பயந்துவிடும், சொல்லாதே என்றான் தம்பி. நானும் சொல்லவில்லை. இருபது நாளில் மாத்திரையை விட்டுவிட்டான்.

“நம்மூட்ல யாருக்கும் இல்லாத நோவு எனக்கு மட்டும் எப்படிக்கா வரும்? இது அயர்ன் சூடு. நாலு நாள் லீவு போட்டாச் சரியாப் போயிரும்.”

அந்த நியாயத்தை அவனுக்கு எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், சாப்பாட்டு பெல் அடிப்பதற்குச் சற்று முன்னால், அயர்ன் டேபிள் மேலேயே சாய்ந்தான். ஓடிப்போய்ப் பார்த்தேன். வாய் இடது பக்கம் கோணியிருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், அப்பனை அடித்த முனி மகனையும் விடவில்லை, கருஞ்சேவல் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். “முனியுமில்ல, சனியுமில்ல! அப்பாவுக்கும் பிரஷர்தான்!” என்று கத்தினேன். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியுங் கண்ணு” என்றாள். “சாகறதுக்கு ஆறு மாசம் முந்தியே பல்லடத்துல ஒரு டாக்டரு பிரஷர்னு சொல்லிட்டாரு. உங்கப்பாவைப் பெத்தவரும் இப்படித்தான் உழுந்து செத்தாராமா. நாந்தான் வெளிய மூச்சு உடல.”

“ஏம்மா?”

“வேத்தாளுக்குப் பொறந்த புள்ளைன்னே உன்னைய எவனும் கேட்டு வரமாட்டான்னு பயந்து கெடந்தேன். இதுல வம்சத்துலயே நோவுன்னு வேற தெரிஞ்சா? முனி அடிச்சுதுன்னா அது யாரு மேலயும் குத்தமில்ல. உன்னையக் கட்டிக் குடுக்கோணுமே கண்ணு. பையனுக்கு மாத்திரை குடுத்தாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அப்பவே வாயைத் தொறந்திருப்பேன்.”

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அழுதேன். என் கல்யாணம் எப்போதோ நல்லபடியாகத்தான் நடந்து முடிந்திருந்தது.

இப்போது எனக்கும் பிரஷர். மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. முனி இல்லை என்று தெரியும். ஆனாலும் மணி பன்னிரண்டை நெருங்கினால் பிடரி விறைக்கிறது. அயர்ன் டேபிளில் இப்போது வேறொருவர் நிற்கிறார். அங்கிருந்து ஆவி சீறும்போதெல்லாம் தம்பி என்னைத் திரும்பிப் பார்க்கிறான். நான் தலையைக் குனிந்துகொண்டு பீஸைப் பார்ப்பேன்.

போன வாரம் என் மகளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். பதினெட்டு வயது. தாத்தா, அவரைப் பெற்றவர், மாமன், நான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். இப்போதைக்கு அவளுக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

“ஏம்மா, எனக்கு மாப்ள பாக்கறப்ப இதெல்லாம் அவங்ககிட்டச் சொல்லமாட்டீங்கல்ல?” என்று கேட்டாள்.

சொல்லமாட்டேன் கண்ணு என்று வாய்வரை வந்துவிட்டது.