மூன்றாக அறுத்த பேய்க்கதை

பேய், பிசாசு, ஆவி எதிலும் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தைக் கேட்கிறவர்கள் பாதியிலேயே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்தவர். துணியைக் கசக்கிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் நல்ல சரக்கு என்று ஒப்புக்கொள்வார். நானும் அதே ரகம். ஆனால் பேய்க்கதை என்றால் உயிர். நம்பாதவனுக்குத்தான் பேய்க்கதை ருசிக்கும், நம்புகிறவன் படிக்க மாட்டான், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் மூன்று பேர். நான், ஆரோக்கியம், கிச்சா. ஆரோக்கியம் சாந்தோம்காரன், பரம்பரை வேதக்காரக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவனுக்கு ராக்கெட், வேற்றுக்கிரகம், பச்சைத்தோல் ஆசாமிகள் வருகிற கதைகள்தான் வேண்டும். கிச்சா என்கிற கிருஷ்ணமூர்த்தி மயிலாப்பூர், அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை, டைப் அடிக்கிற வேலை. அவனுக்குப் பேய்கள். மவுண்ட் ரோடு தியேட்டர்களில் எந்த இங்கிலீஷ் பேய்ப்படம் வந்தாலும் எங்களை இழுத்துக்கொண்டு போவான். தமிழ்ப் பேய்ப்படம் என்றால் மட்டும் கோபம் வந்துவிடும். "வெள்ளைப் புடவையக் கட்டிண்டு பாடிண்டே போவா, கடைசில பார்த்தா எஸ்டேட் மேனேஜர் டார்ச் லைட் அடிச்சிண்டு நிப்பான். பேயைக் காட்டறேன்னு காசு வாங்கிண்டு மேனேஜரைக் காட்டினா அது மோசடி இல்லையோ?" என்பான்.

நாங்கள் புத்தகம் படிக்கிற விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். லஸ் நடைபாதையில் பழைய இங்கிலீஷ் புத்தகங்களைக் குவித்து வைத்து விற்பார்கள். வாங்கிவந்ததும் யார் முதலில் படிப்பது என்று சண்டை வரும், ஒருவன் முடிக்கும்வரை மற்ற இருவருக்கும் பொறுமை இருக்காது. அதனால் கிச்சா ஒரு வழி கண்டுபிடித்தான். ஷேவிங் பிளேடால் புத்தகத்தின் முதுகை அறுத்து மூன்று பகுதியாக்குவது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வது, பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நொச்சிக்குப்பம் மணலில் கட்டுமரத்தில் சாய்ந்து உட்கார்ந்து வரிசையாகச் சொல்வது. முதல் பகுதிக்காரன் சொல்லி முடித்தால்தான் நடுப்பகுதிக்காரனுக்கே தான் படித்தது இன்னது என்று விளங்கும். சட்டம் ஒன்றே ஒன்று, படித்ததைச் சொல்ல வேண்டும், இட்டுக்கட்டக் கூடாது. நான் நடுவில் புகுந்து லாஜிக் கேட்பேன், ஆரோக்கியம் எல்லாப் பேயும் வேற்றுக்கிரகவாசிதான் என்று வாதாடுவான், பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கிற குப்பத்து ஆட்கள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஒரு ஐப்பசியில் அட்டை இல்லாத புத்தகம் ஒன்று கிடைத்தது. பெயர் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. முதல் பகுதி எனக்கு, நடு கிச்சாவுக்கு, கடைசி ஆரோக்கியத்துக்கு. கடலோரத்தில் ஒரு வீடு, வீட்டில் ஒரு நோயாளி. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பின் தெரியாத ஒருவன் வந்து வாசலில் நிற்கிறான், ஒன்றும் பேசுவதில்லை. இது என் பகுதி. வீட்டில் இருக்கிற யாராவது அவனிடம் முதலில் பேசினால்தான் அவனால் உள்ளே வர முடியும், உள்ளே வந்தால் நோயாளியைக் கூட்டிக்கொண்டுதான் போவான். இது கிச்சாவின் பகுதி. இதைச் சொல்லும்போதே கிச்சாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மணலில் உட்கார்ந்து நடுங்குகிறானே என்று தொட்டுப் பார்த்த ஆரோக்கியம், தன் பகுதியைச் சொல்லாமலேயே அவனை ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டில் விட்டான்.

டைபாய்டு. ஜுரம் இறங்கிற்று, மறுபடி ஏறிற்று. டாக்டர் வந்தார், மருந்து மாற்றினார், பார்க்கலாம் என்றார். டாக்டர்கள் பார்க்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று மாமிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கிச்சாவின் அம்மாவைத்தான் மாமி என்கிறேன். அந்த வீட்டில் அந்த இரண்டு பேரைத் தவிர வேறு ஆள் கிடையாது. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாமிக்கு இந்த உலகத்தில் யாருமே இல்லை.

கிச்சாவோ படுக்கையில் கிடந்துகொண்டு கதையின் முடிவைக் கேட்டு உயிரை வாங்கினான். ஒருநாள் ஆரோக்கியம் சொன்னான். நோயாளி கெட்டிக்காரன், தானும் வாயைத் திறக்கவில்லை, வீட்டில் ஒருவரையும் திறக்க விடவில்லை, வாசலில் நின்றவன் நின்று நின்று அலுத்துப்போய் வேறு ஊர் போய்விட்டான், ஜுரம் இறங்கிவிட்டது, சுபம். கிச்சா கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வெளியே வந்து கச்சேரி ரோட்டில் நடக்கும்போது ஆரோக்கியம் என்னிடம் உண்மையைச் சொன்னான். கடைசிப் பகுதியில் அந்த நோயாளிக்கே பொறுக்க முடியாமல் போய்விடுகிறதாம், ஒருநாள் தானே கதவைத் திறந்து பேசுகிறானாம், விடியும்போது படுக்கை காலியாம்.

"சட்டத்த மீறிட்டியேடா" என்றேன்.

"இன்னா நைனா பேசற? படுத்துக்கினு கீறவன்கிட்ட போய், செத்துட்டான்பா, முடிஞ்சிச்சுன்னா சொல்லச் சொல்ற?" என்றான் ஆரோக்கியம். அவன் சொன்னதும் நியாயம்தானே.

அதற்குப் பிறகு கிச்சா ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தான். சாயங்காலம் மாமி சாமி அறையில் விளக்கேற்றினதும் வாயை மூடிக்கொள்வான். என்ன கேட்டாலும் பதில் இல்லை, நன்றாக இருட்டினபிறகுதான் பேசுவான். மாமியிடமும் அந்த நேரத்தில் யாரோடும் பேசாதே என்று சத்தியம் வாங்கப் பார்த்திருக்கிறான். மாமி அதை ஜுரப் பிதற்றல் என்று விட்டுவிட்டாள். நம்பினால் நம்புங்கள், அந்த நாட்களில் அவனுக்கு ஜுரம் படிப்படியாக இறங்கியது. ரசஞ்சாதம் சாப்பிட்டான், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தான், நிலாவில் மனிதன் நடந்ததைப் பற்றி ஆரோக்கியத்தோடு சண்டைகூடப் போட்டான். டாக்டர் மாத்திரையைவிட என் கதைதான் வேலை செய்கிறது என்று ஆரோக்கியம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மாமி முகத்தில் களை வந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது, பொழைச்சுட்டான் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு சாயங்காலம் ஆரோக்கியத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ வேலை, நான் மட்டும் போனேன். நல்ல மழை. பஸ்ஸை விட்டிறங்கி அப்பாவின் பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழையும்போது விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் போயிருந்தது என்று சொன்னால் கதைக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் போகவில்லை. வாசலில் பல்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். மாமி திறந்தாள். என்னைப் பார்த்து, "வாடா சங்கரா" என்றாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்து, "நீங்களும் உள்ள வாங்கோ. ஏன் மழைல நிக்கறேள்?" என்றாள்.

யாரோ உறவுக்காரர் எனக்குப் பின்னால் வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நான் வழியை விட்டு ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எதிர்வீட்டு வாசலில் ஒரு மாடு நின்றது. மாமி உள்ளே திரும்பி நடந்துகொண்டே, "செருப்பெல்லாம் அங்கயே இருக்கட்டும், பரவால்ல" என்று யாரிடமோ சொன்னாள். மாமிக்குக் கண் மங்கல் என்று நினைக்காதீர்கள். அரிசியில் கல் பொறுக்கக் கண்ணாடி போடாதவள். வாசலுக்கு வந்தவரை வா என்று சொல்லாமல் நிற்க வைப்பது அவள் பழக்கத்திலேயே கிடையாது. தபால்காரர் வந்தாலும் வாங்கோ என்பாள், பழைய பேப்பர்காரன் வந்தாலும் வாப்பா என்பாள். கிச்சா எத்தனை சத்தியம் கேட்டாலும் அந்த வாய் எப்படி மூடியிருக்கும்?

அறைக்குள் போனேன். கிச்சா உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வருகிறவர்கள் உட்காருவதற்காக ஒரு மடக்கு நாற்காலி இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கம்போல அதில் உட்காரப் போனேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "அங்க வேண்டாம். கட்டில்ல உக்காரு" என்றான்.

விளக்கு வைத்த நேரத்தில் அவன் பேசுகிறானே என்று எனக்குத் திக்கென்றது. "என்னடா, விரதம் அவ்வளவுதானா?" என்று சிரிக்கப் பார்த்தேன்.

"அம்மா கூப்பிட்டுட்டா. இனிமே நான் வாயை மூடிண்டு என்ன பிரயோஜனம்?" என்றான்.

அவன் குரலில் பயமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்போது மாமி காபியோடு வந்தாள். தட்டில் இரண்டு டம்ளர். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதை அந்த நாற்காலிக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்து, "சக்கரை கொஞ்சம் கம்மியாதான் போட்ருக்கேன், போறலைன்னா சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமி, நான் ஒண்டியாத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கிச்சா என் கையை அழுத்தினான். "அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே. தெரிஞ்சா தாங்க மாட்டா" என்றான்.

நான் நாற்காலியைப் பார்த்தேன். வெறும் நாற்காலி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் இல்லை, வாசனை இல்லை, குளிர் இல்லை, பேய்க்கதைகளில் எழுதுகிற ஒரு சாமானும் அங்கே கிடையாது. காபியில் ஆவி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கிச்சா என்னிடம் கதையின் நிஜமான முடிவைக் கேட்டான். "ஆரோக்கியம் சொன்னது இட்டுக்கட்டினதுன்னு அன்னிக்கே தெரியும்டா. அவன் பொய் சொன்னா மூக்கைத் தேச்சுப்பான். ஆனா நன்னா இருந்துது, அதான் பிடிச்சிண்டேன். இப்ப நெஜத்தைச் சொல்லு" என்றான். எனக்கு அழுகை வந்தது. சொல்ல மாட்டேன் என்றேன். சட்டம்டா என்றான். கடைசியில் சொன்னேன், கதவைத் திறந்தது, பேசியது, காலிப் படுக்கை எல்லாவற்றையும். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "நோயாளியே பேசறதைவிட அம்மா பேசறதுதான் நியாயமான முடிவு. எழுதினவனுக்குத் தோணலை" என்றான். வழக்கமாக மணலில் உட்கார்ந்து குறை சொல்கிற அதே தொனி. பிறகு, நேரமாச்சு, கிளம்பு என்றான். நான் இருக்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "நீ இருந்தா இவரும் இருப்பார். அம்மா இன்னொரு தரம் காபி போடுவா. போ" என்றான்.

மறுநாள் விடியற்காலை கிச்சா போய்விட்டான். சாயங்காலம்வரை இறங்கியிருந்த ஜுரம் ராத்திரி ஏறியதாம், குடலில் ஓட்டை விழுந்திருக்கும், டைபாய்டில் அப்படி நடப்பதுண்டு என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். நானும் அதைத்தான் என் புத்திக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆரோக்கியம் தன்னிடம் இருந்த கடைசிப் பகுதியைக் கடலில் வீசிவிட்டு வந்தான். நான் உண்மையைச் சொன்னதால்தான் கிச்சா மனசு விட்டுப் போனான் என்று அவனுக்கு என் மேல் வருத்தம், வெகு நாள் என்னோடு பேசவில்லை. நான் சொல்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவனிடம் எப்படி விளக்குவது?

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு மாமியைப் பார்க்கப் போனேன். அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேச்சோடு பேச்சாக, "அன்னிக்கு உன்னோட வந்தாரே, அவர் யாருடா? துக்கத்துக்கு வரவே இல்லையே" என்றாள். எங்கள் கடை ஆள், ஊருக்குப் போய்விட்டார் என்று ஏதோ உளறினேன்.

"பாவம், காபியக்கூடத் தொடலை. நீ கிளம்பறச்சே அவரும் கிளம்பினார். ஒரே குடைல ரெண்டு பேரும் போனேளே, நான் வாசல்ல நின்னு பார்த்துண்டே இருந்தேன்" என்றாள் மாமி.

என்னோடு ஒரே குடையில் கிளம்பினவன் விடியற்காலை அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனானா, வேறு வழியாகக் கிச்சாவைக் கூட்டிப்போனானா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த மழை ராத்திரி நான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா, "ஏம்லே, இவ்ளோ பெரிய குடை இருக்கு, வலது பக்கம் முழுக்க நனைஞ்சு வந்திருக்கே?" என்று கேட்டார். சட்டையின் இடது பக்கத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குடையை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே அவ்வளவு தூரமும் வந்திருக்கிறேன். ஏன் அப்படிப் பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போதும் மழையில் நடந்தால் என் குடை தானாக இடது பக்கம் சாய்கிறது. நிமிர்த்தினால் நாலடிக்குள் மறுபடி சாய்ந்துவிடுகிறது. என் மனைவி எப்போதும் எனக்கு வலது பக்கம்தான் வருவாள், தெப்பமாக நனைந்துபோவாள். கல்யாணமான புதிதில் கோபித்துக்கொண்டாள், பிறகு தனிக்குடை வாங்கிக்கொண்டாள். போன மழைக்காலத்தில் பாண்டி பஜாரில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று நின்று, எனக்கு இடது பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "ஏங்க, இத்தனை வருஷமா யாருக்குக் குடை பிடிக்கிறீங்க?"