கிணற்றுத் தண்ணீரில் கழுவிய சுவர்

எங்கள் வளவின் மூலையில், வேப்பமரத்துக்குக் கீழே, ஒரு பழைய கரவன் நின்றது. கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதி வீதியைத் திருத்த வந்தவர்கள் தங்குவதற்குக் கொண்டுவந்த, சில்லு வைத்த சிறிய அறை அது. வேலை முடிந்ததும் கழித்துவிட்டார்கள். என் அண்ணை அதை வாங்கி, உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துவந்து நிறுத்தினார். ஆறு வருடம் அதற்குள்தான் படுத்தார். இருபது அடி தள்ளி எங்கள் நாலு அறை வீடு. அந்த வீட்டைக் கட்டியவரும் அவர்தான்.

புங்குடுதீவில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வெளியாட்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அண்ணை அரபு நாட்டில் பதினெட்டு வருடம் சீமெந்துத் தூசுக்குள் நின்று உழைத்து, என் சீதனத்துக்கு அந்த வீட்டைக் கட்டினார். உறுதிப் பத்திரம் என் பெயரில். தான் கல்யாணம் கட்டவில்லை. திரும்பி வந்தபோது அவருக்கென்று மிஞ்சியது மூச்சை அடைக்கிற முட்டு வருத்தமும் ஒரு சூட்கேசும்தான். கொடுத்த சீதன வீட்டில் போய்ப் பாய் விரித்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். யாரும் சொல்லும் முன்னரே அவர் காதில் அது விழுந்துவிட்டது. குசினி வாசலில் இருந்து சாப்பிடுவார், கோப்பையைத் தானே கழுவி வைப்பார், பொழுதுபட்டால் கரவனுக்குப் போய்விடுவார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் கோபக்காரி. ஆனால் என் கோபம் எப்போதும் சட்டி பானையின் மேல்தான் போகும், ஆட்களிடம் வாய் வராது. அண்ணையை உள்ளே வரச்சொல்லிக் கேட்க வேண்டியவர் என் கணவர் என்று நினைத்தேன். நான் கேட்டால், வீட்டுக்காரனுக்கு விருப்பமில்லை, தங்கச்சிதான் இழுக்கிறாள் என்று அண்ணை நினைப்பார் அல்லவா? கணவரோ கந்தோருக்குப் போய்வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பூனைக்கு யார் மணி கட்டுவது?

போன மாரியில் கரவனின் கூரை மூட்டு விட்டுவிட்டது. அண்ணை சொல்லவில்லை. ஆவணி மாதம் கட்டிலை இழுத்துக் கூட்டப் போனபோதுதான் கண்டேன். யன்னலுக்குக் கீழே உட்பலகை கறுத்து, பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. விரலை வைத்து அழுத்தினேன். தேத்தண்ணியில் ஊறின பாணுக்குள் போவதுபோல உள்ளே போனது. அதே இடத்தில்தான் அவர் தலைமாடு. அவர் இரவில் இருமுவது வீடுவரை கேட்கும். வயதும் பழைய முட்டும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த நாளே வேலையைத் தொடங்கினேன். உட்பலகையை உரித்தேன். உள்ளே இருந்த சட்டங்களில் பாதி உக்கியிருந்தன. உக்கல் முடிகிற இடம்வரை அரிந்து எறிந்துவிட்டுப் பனஞ்சிலாகை வைத்து ஆணி அடித்தோம். கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சிலாகை பிடித்தார். கூரை மூட்டை அண்ணையே ஏறி அடைத்தார். ஏறவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பிறகு நல்ல பலகைகளில் பூஞ்சணம் போகும்வரை தேய்த்துக் கழுவினேன். மூன்று நாள், வாளி வாளியாகக் கிணற்றில் அள்ளி ஊற்றினேன். வெயிலில் காயவிட்டு, தண்ணீர் புகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்த பெயின்ற்றை இரண்டு தரம் பூசினேன். எங்கள் கலியாண அறைகூட அப்படி வெள்ளையாக இருந்ததில்லை. அண்ணை உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு பிள்ளை என்றார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் தெரியவில்லை.

கார்த்திகையில் வாடை தொடங்கியது. மழை ஒழுகவில்லை, ஆனால் சுவர் வேர்த்தது. பெயின்ற் கொப்புளித்தது. கொப்புளத்தை உடைத்தால் உள்ளே ஈரலிப்பு, அதன்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பெயின்ற் கடைக்காரரை மனத்துக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு ஏனோ அந்த வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

எங்கள் கிணறு உவர். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு. தோய்ப்பதும் குளிப்பதும் அதில்தான். சுவர் கழுவ நல்ல தண்ணீரை எடுக்கிற மனிசியை எங்கள் ஊரில் பைத்தியம் என்பார்கள். அதனால் நான் மூன்று நாளும் அந்தப் பலகைக்கு உப்பை ஊட்டியிருக்கிறேன். காற்றில் ஈரம் வந்ததும் உப்பு அதை இழுத்துக்கொண்டது. வெளியே போகவும் வழியில்லை, அதன்மேல் பெயின்ற்றையும் பூசி மூடிவிட்டேன். மழை செய்ததைவிட நான் செய்தது மோசம்.

அதை அண்ணைக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயில் எறித்ததும் சுரண்டித் திரும்பப் பூசலாம் என்று இருந்தேன். நாலாம் நாள் காலை தேத்தண்ணி கொண்டுபோனபோது, அண்ணை கரவன் படியில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிந்து இருந்தார். உதடு நீலம். முட்டுக்கான பம்மை வாய்க்குள் அடித்தும் மூச்சு இறங்கவில்லை. கணவர் கட்டின சாரத்தோடேயே ஓடிப்போய் ஓட்டோ பிடித்துவந்தார்.

ஆஸ்பத்திரியில் மூச்சு வந்தபிறகு, எங்கே படுக்கிறவர் என்று டொக்டர் கேட்டார். வெளியே வாங்குப் பலகையில் இருந்தபோது கணவரிடம் கேட்டேன். ஆறு வருடத்துக் கோபமும் அன்றுதான் ஆளைப் பார்த்துப் போனது.

"அண்ணையை உள்ளுக்க வந்து படுக்கச் சொல்லி நீங்கள் ஏன் ஒருநாளும் கேட்கேல்லை?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வீடு உம்மட பேரில. அவர் கட்டின வீட்டுக்குள்ள அவரை வாங்கோ எண்டு கூப்பிட நான் ஆர்? நீர் கேட்பீர் எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தனான்."

அழுதேன். யாரில் பிழை என்று பிரித்தெடுக்க ஏலாமல் அழுதேன். இரண்டு பேரும் மரியாதை பார்த்தோம். நடுவில் அந்த மனிதன் உக்கின பலகைக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்.

ஐந்தாம் நாள் அண்ணையை வீட்டுக்கு விட்டார்கள். ஓட்டோ வளவுக்குள் வந்ததும் அவர் பழக்கத்தில் கரவன் பக்கம் திரும்பினார். நான் கையைப் பிடித்தேன். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "அண்ணை, உள்ளுக்க வந்து படுங்கோ" என்றேன். சண்டை பிடிப்பார், மாட்டேன் என்பார் என்று பதில்களை எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

"எந்த அறையில?" என்றார்.

அவ்வளவுதான். ஒரு தரம் கேட்டிருந்தால் போதும்.

பின் அறையை ஒதுக்கினேன். கரவனுக்கு வாங்கி மிஞ்சிய பெயின்ற் பேணிகளும் சிலாகைகளும் அங்கேதான் கிடந்தன. இப்போது அவர் அதில் படுக்கிறார், இருமல் குறைந்திருக்கிறது. ஆனால் கோப்பையை இன்னமும் தானே கழுவுகிறார். ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும்போது அறை வாசலில் நின்று என்னைக் கேட்பார்: "பிள்ளை, பான் போடட்டே?"

அந்தக் காற்றாடியையும் அதன் வயரையும் பூட்டியவர் அவர்தான். ஓம் அண்ணை, போடுங்கோ என்பேன். நாளைக்கும் கேட்பார்.