உப்புக்கு அடங்காத அருகு

எனக்கு எண்பத்தாறு வயது. எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதில் ஒருவரும் எனக்குப் பதில் சொல்லத் துணிந்ததில்லை. என் கொழுந்தன்தான் துணிந்தான்.

ஆனைக்குட்டம் பக்கம் கிணற்றடியில் எங்களுக்குத் தீவனப் பாத்தி இருந்தது. கொழுக்கட்டைப் புல், சோளத்தட்டை, வரப்பில் அருகு என்கிற அருகம்புல். கொழுந்தன் பட்டாசுக் கம்பெனிகளிலிருந்து வெடிமருந்தில் சேர்க்கிற வெடியுப்பு வந்த காலிச் சாக்குகளை வாங்கி வந்து, பாத்திக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலிலேயே மிதித்து அலசுவான். காய்ந்ததும் மிளகாய் வத்தல் கட்ட விருதுநகருக்கு அனுப்புவான். அந்த வத்தலை யார் வீட்டுக் குழம்பில் போட்டார்களோ!

கோடையில் பாத்தியில் அந்த உப்பு வெள்ளையாகப் பூத்தது. முதலில் கொழுக்கட்டைப் புல் நுனி கருகிச் செத்தது. சோளம் கொஞ்ச நாள் முக்கிப் பார்த்து மஞ்சளாகிச் சாய்ந்தது. அருகு மட்டும் கரும்பச்சையாகப் படர்ந்தது. தாளை உருவினால் விரலில் பொடி உப்பு ஒட்டியது. உள்ளே போன உப்பை வியர்வை போல வெளியே தள்ளிவிட்டுப் பிழைக்கிற புல் அது.

"பாத்தீகளா மதினி, எம்புட்டுச் செழிப்பு!" என்றான்.

"அந்த எழவை மாட்டுக்குக் காட்டிராதீக. கைக்குழந்தை அது பாலைத்தான் குடிக்கி."

"மாட்டுக்கு உப்புச் செலவு மிச்சம் மதினி" என்று பல்லைக் காட்டினான்.

எனக்குத் தாய்ப்பால் வற்றியிருந்த நேரம். கடைசிப் பிள்ளைக்கு அந்தப் பசுதான் தாய். நான் மிளகாய்ப் பழம் பறிக்கப் போயிருந்தபோது அருகைக் கட்டுக் கட்டாக அறுத்துப் போட்டிருக்கிறான். திரும்பி வந்தபோது பசு வாய் நீலம் பாய்ந்து, மூச்சிரைத்துத் தள்ளாடியது. பொழுது சாயுமுன் விழுந்துவிட்டது.

"பாம்பு தீண்டியிருக்கும் மதினி."

"பாம்பு சாக்கு அலசுமாலே?" என்றேன். அதுவரை அவனை 'லே' போட்டதில்லை; மரியாதை கொடுத்துத்தான் பேசியிருந்தேன்.

பசு கிடந்த இடத்தில் நின்றுகொண்டே தோலை உரித்து விற்க ஆள் தேடினான். சீ!

மறுநாள் டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் பாலுக்கு நின்றேன். அதற்கு முன்பும் பின்பும் யார் வாசலிலும் நின்றதில்லை.

அவன் பிள்ளைகள் இன்னும் பாம்பு என்றுதான் சொல்கிறார்கள்.

ஏத்தா பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதினதை மொதல்லேருந்து சத்தமா வாசி. உங்க சின்னத் தாத்தான்னு பாத்து எதையும் முழுங்கிராதே.