வெள்ளைச் சுட்டியில் மஞ்சள்

என் கணவர் கன்றுக்குட்டிக்குப் பொட்டு வைத்த கதையைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். "நல்லதுதானே பண்ணியிருக்கார்?" என்று என்னிடமே கேட்கிறார்கள். அவர் மேல் இருக்கிற கோபம் பத்தாதென்று இவர்கள் மேலும் வருகிறது.

எங்கள் மகள் இங்கே ஆலன் ஊரில் ஹைஸ்கூல் படிக்கிறாள். அந்தப் பள்ளிக்கென்று ஒரு மாட்டுக்கொட்டகை உண்டு. பிள்ளைகள் அங்கே கன்று வளர்த்துப் போட்டிக்குக் கொண்டுபோகலாம். இவள் ஒரு கறுப்பு வெள்ளைக் கிடாரிக் கன்றைத் தேர்ந்தெடுத்தாள். நெற்றியில் பளிச்சென்று ஒரு வெள்ளைச் சுட்டி.

அன்றைக்கே இவர் ஆரம்பித்துவிட்டார். "மாடு மேய்க்கறதுக்கா ஃப்ளைட் ஏறி இவ்ளோ தூரம் வந்தோம்?" கொட்டகைப் பக்கம் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவள் வீட்டுக்குள் நுழைந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். "ஷூவ கராஜ்லயே விட்டுட்டு வரச் சொல்லு, ஸ்மெல் தாங்கல." நண்பர்கள் வீட்டுப் பாட்லக் விருந்தில் யாராவது கன்றைப் பற்றி விசாரித்தால் பேச்சைக் காலேஜுக்கான எஸ்.ஏ.டி. பரீட்சைக்குத் திருப்பிவிடுவார். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான். இவரோ அவளுக்கு எதுவும் புரியாது என்பதுபோலவே பேசுவார்.

விடிவதற்கு முன் அவளைக் கொட்டகையில் இறக்கிவிட்டு, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் ரிச்சர்ட்சனில் இருக்கும் என் ஆபீசுக்கு டிரைவ் பண்ணுவேன். முதலில் அந்தக் கன்று அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். விழுவாள், சாணியைத் துடைத்துக்கொண்டு எழுவாள். போட்டியில் கன்றின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க வேண்டும். அவசரமே கூடாது. ஒரு கண் நடுவர் மேல் இருக்க வேண்டும். கன்று நின்றதும் தோளில் லேசாக அழுத்திக் கால்களைச் சரியான இடத்தில் வைக்கச் செய்ய வேண்டும். அவள் சேர்ந்திருந்த பிரிவில் கன்றின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. அதைக் கொண்டுவரும் பிள்ளைக்குத்தான். எப்படிப் பழக்கியிருக்கிறாள், எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாள் என்றுதான் பார்ப்பார்கள். ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தாலும் கண்ணில் படும். முதல் பரிசு வேண்டும் என்று அவள் வாய்விட்டே என்னிடம் சொல்லியிருந்தாள்.

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை. இவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, சொல்லப்போனால். கன்றைக் குளிப்பாட்டி, காயவைத்து, ரோமத்தை வாரி முடித்துவிட்டு அவள் வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேண்ட்டும் மாற்றப் போனாள். முதுகில் நம்பர் குத்திவிட நானும் கூடப் போனேன். கன்றுக்கு இவர் காவல்.

திரும்பி வந்து பார்த்தால் சுட்டி முழுக்க மஞ்சள், நடுவில் குங்குமம். கார் டாஷ்போர்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்திலிருந்த டப்பாக்களை எடுத்து, பாட்டில் தண்ணீரில் குழைத்துப் பூசியிருக்கிறார். குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. இவர் கன்றோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"வெள்ளிக்கிழம அதுவுமா வெறும் நெத்தியோடயா அனுப்பறது? கோமாதாடி. க்ரூப்ல போட்டேன், அதுக்குள்ள எத்தன லைக் பாரு!"

வருஷம் பூராவும் மூக்கைப் பிடித்துக்கொண்ட மனிதருக்கு அன்று காலை கோமாதா ஆகிவிட்டது! பக்கத்தில் இருந்த பக்கெட்டைத் தூக்கி இவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. மகள் அந்தப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கன்றின் முன்னால் குனிந்தாள். ஷாம்பு போட்டுத் தேய்த்தாள், ஈரத் துணியால் துடைத்தாள். குங்குமம் போனது. மஞ்சள் கண்வரை பரவியது, அவள் சட்டைக் கையிலும் ஏறியது. அதற்குள் மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் நடத்திய அழகை நான் வேலியோரம் நின்று பார்த்தேன். இழுபறி இல்லை, அவள் நின்றால் கன்றும் நின்றது. நடுவர் அவளையே திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில் கிட்டே வந்து நெற்றியைக் காட்டிக் கேட்டார். அப்பா வைத்தது என்று அவள் சொல்லவில்லை. சரியாகக் கழுவவில்லை, என் தவறுதான் என்றாள்.

நான்காம் இடம். நடுவர் மைக்கிலேயே காரணம் சொன்னார்: இன்று கன்றை மிக நன்றாக நடத்தியவள் இந்தப் பெண்தான், ஆனால் கன்று சுத்தமாக வரவில்லை.

வெளியே வந்ததும் இவர் ஃபோனோடு ஓடினார். "பாத்தியா, ஃபோர்த் ப்ளேஸ்! பொட்டு வெச்சது வீண் போகல." அடுத்த போட்டோவுக்காகக் கன்றின் நெற்றியைத் தடவப் போனார்.

அவள் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எங்களோடு எப்போதும் இங்கிலீஷிலேயே பேசுகிறவள், அன்று தமிழில் சொன்னாள்.

"தொடாதீங்கப்பா. உங்களுக்குத்தான் ஸ்மெல் தாங்காதே."